ஆண்டவர் தூர்த்த கிணறு

கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆழக் கிணறு வெட்டிவிட்டு, தண்ணீர் ஏன் உப்புக் கரிக்கிறது என்று ஆண்டவரிடம் கோபித்துக்கொண்டவன் நான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் சாட்சி சொல்ல வந்தவன் தன்னைப் பற்றி நல்லதை மட்டும் சொன்னால் அது சாட்சி இல்லை, விளம்பரம். நான் கடைக்காரன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும்.

ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கம் எனக்கு ஒரு சின்ன மளிகைக் கடை. சொந்த ஊர் நாங்குநேரிக்குத் தெற்கே. பாறையை வெடி வைத்துப் பிளந்து கிணறு வெட்டுகிற சீமை. அங்கே ஒரு மனுஷனின் மதிப்பை அவன் கிணற்றின் ஆழத்தை வைத்துத்தான் சொல்வார்கள். பெண் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளை எப்படி என்று கேட்பதற்கு முன்னால் கிணறு எத்தனை ஆள் ஆழம் என்று கேட்பார்கள். என் மாமனாரும் அப்படித்தான் கேட்டார். எங்கள் அப்பா வெட்டிய கிணறு நல்ல ஆழம். அதனால்தான் எனக்குத் தங்கம் கிடைத்தாள். என் முகத்தைப் பார்த்துக் கொடுத்திருந்தால் இன்னும் பிரம்மச்சாரியாகவே இருந்திருப்பேன்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். ராயபுரத்தில் ஒண்டுக் குடித்தனம். ஒரே அறை, நானும் தங்கமும் இரண்டு பெண் பிள்ளைகளும். அந்த வளவு முழுவதற்கும் ஒரு குழாய். விடியுமுன்னே குடத்தோடு போய் நின்றால்தான் தண்ணீர். குழாயடியில் தங்கம் பட்ட பேச்சுகளை எழுதினால் அச்சிட மாட்டார்கள். அந்த அறைக்குள் காற்று வருவதென்றால் பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால்தான் உண்டு.

அப்போது திருவொற்றியூர் வளர ஆரம்பித்திருந்தது. புதிது புதிதாகத் தொழிற்சாலைகள் வந்தன. தோப்புகளை வெட்டி, கல் நட்டு, தெரு அடையாளம் போட்டு மனை விற்றார்கள். ரயில் ஏறினால் சீக்கிரம் ராயபுரம் வந்துவிடலாம். நான் வாங்கிய மனை கிழக்கே, கடலைப் பார்த்த பக்கம், மீன்பிடிக்கிறவர்களின் குப்பத்துக்கு அடுத்து இருந்தது. மற்ற மனைகளைவிட மலிவு. கத்தரிக்காய் மலிவாக வந்தால் உள்ளே புழு இருக்கிறதா என்று கீறிப் பார்க்கிற நான், மனை மலிவாக வந்தபோது எதையும் கீறிப் பார்க்கவில்லை. ஆண்டவர் கொடுத்தது என்று துள்ளினேன்.

இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, மேலே ஓடு. பங்குனியில் குடிவந்தோம். அந்த முதல் நாள் சாயங்காலத்தை மறக்க முடியாது. கடற்காற்று ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் போயிற்று. பிள்ளைகள் மணலில் ஓடினார்கள். தங்கம் ஒரு சுவரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு இன்னொரு சுவரைத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் நம்முடையதுதானா என்று கேட்டாள். நான் ராஜா மாதிரி தலையை ஆட்டினேன்.

அடுத்தது கிணறு. அந்தப் பக்கம் முழுக்க மணல் என்பதால் சிமெண்ட் வளையங்களை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்குவார்கள். அதற்கு உறை என்று பெயர். உறை இறக்குகிற ஆட்கள் வந்து தோண்டினார்கள். ஓர் ஆள் உயரத்துக்குச் சற்று அதிகமாகப் போனதுமே தண்ணீர் கசிந்தது. கையில் அள்ளிக் குடித்துப் பார்த்தேன். நல்ல தண்ணீர்தான். ஆனால் முழங்கால் அளவுக்குத்தான் நின்றது. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. இது கிணறா, குழியா? நாளைக்கு மாமனார் வந்து எட்டிப் பார்த்தால் என்ன நினைப்பார்? இன்னும் ஆழமாகப் போங்கள் என்றேன்.

போனார்கள். தண்ணீர் இடுப்பளவு வந்தது. கொஞ்சம் கரித்தது. எங்கள் ஊரில் மேல் தண்ணீர் சப்பென்று இருந்தால் கீழே நல்ல ஊற்று கிடைக்கும். அதே கணக்கை இங்கேயும் போட்டேன். இன்னும் உறை இறக்கச் சொன்னேன். போகப் போகக் கரிப்பு ஏறியது. கடைசியில் வந்த தண்ணீரில் பருப்பு வேகவில்லை. சோப்பு நுரைக்கவில்லை. காபி போட்டால் சர்க்கரையும் உப்பும் வாயில் சண்டை போட்டன.

குப்பத்தில் முதல் வீடு கன்னியம்மாவுடையது. தலையில் கூடை வைத்து மீன் விற்கிறவள். அவள் புருஷன் எல்லப்பன் கட்டுமரத்தில் போகிறவன். நான் தோண்டுகிற மண் மலை மாதிரி குவிவதைப் பார்த்துவிட்டு ஒருநாள் வேலியோரம் வந்து நின்றாள்.

"இன்னா அண்ணாச்சி, பாதாளத்துக்கே வயி வெட்டிகினு கீறியா? அங்க எதுனா கடை வைக்கப் போறியா?"

நானும் சிரித்துவைத்தேன். குப்பத்துக்காரர்கள் மணலில் தோண்டி வைத்திருந்த ஊற்றுக்குழியில் வந்து தங்கம் தண்ணீர் மொண்டுகொள்ளட்டும் என்று அவள் சொன்னாள். பெரிய மனசு. நான் வேண்டாம் என்றேன். சொந்தக் கிணறு உள்ளவன் ஊரார் குழியில் போய் மொள்ளுவதா? தங்கத்திடமும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவைத்தேன். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு பெரிய ரோட்டுக் குழாய்க்கு நடந்தாள். ராயபுரத்தில் குழாய் வாசலில் இருந்தது. இங்கே அதைத் தேடி வெயிலில் நடந்தாள். சொந்த வீடு வாங்கிக் கொடுத்து அவளுக்கு நான் செய்த உபகாரம் இதுதான்.

சின்னவளுக்கு அந்தத் தண்ணீரில் குளித்து உடம்பெல்லாம் சொறி வந்தது. வீட்டை விற்றுவிடலாம் என்று பார்த்தேன். வாங்க வந்தவர் சுவரைத் தட்டினார், மேலே ஓடுகளைப் பார்த்தார், காற்றைப் புகழ்ந்தார். கிணற்றில் ஒரு வாளி இறைத்து வாயில் விட்டார். துப்பினார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இருக்கவும் முடியாது, விற்கவும் முடியாது.

ஆனி மாதத்தில் ஒருநாள் தங்கம் நிதானமாகச் சொன்னாள். அவள் கத்தினால் பயமில்லை. நிதானமாகப் பேசினால்தான் பயம்.

"ஏங்க, ஆடி முடியட்டும், பாப்பேன். அதுக்குள்ள நல்ல தண்ணி வரலேன்னா புள்ளைகளக் கூட்டிட்டு ஊருக்குப் போயிருவேன். நீங்க உங்க கெணத்தோட குடும்பம் நடத்துங்க."

அன்றிலிருந்து முழு மூச்சாக ஜெபத்தில் இறங்கினேன். உபவாசம் இருந்தேன். நான் உபவாசம் இருந்தால் கடையில் பொரிகடலை மிச்சமாகும், அவ்வளவுதான் லாபம் என்று தங்கம் சொல்வாள். சபையில் ஜெபக் குறிப்பு கொடுத்தேன். வீட்டு ஜெபக் கூட்டங்களில் கண்ணீர் விட்டேன். ஆனால் என் ஜெபம் எப்படி இருந்தது தெரியுமா? கடைக்காரன் ஜெபம். சரக்கு இன்னது, ரகம் இன்னது, இறக்கவேண்டிய இடம் இன்னது என்று எல்லாவற்றையும் நானே சொல்லிவிடுவேன். "ஆண்டவரே, இன்னும் ஆழத்தில் ஒரு நல்ல ஊற்றைத் திறந்து தாரும்" என்றுதான் கேட்டேன். இடத்தை நான் குறித்தாகிவிட்டது. அவர் வந்து திறக்கவேண்டியதுதான் பாக்கி.

ஆடி பிறந்தது. உறை இறக்கும் ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. நானே இறங்குவது என்று முடிவு செய்தேன். என் உடம்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நான் இறங்கினால் கிணற்றில் தண்ணீருக்கு இடம் இருக்காது. தங்கம் தடுத்துப் பார்த்தாள். கேட்கிற ஆளா நான்?

ஒரு சனிக்கிழமை. காலையிலிருந்து இருவரும் மாற்றி மாற்றித் தண்ணீரை இறைத்தோம். மதியத்துக்கு மேல் நான் கயிற்றைப் பிடித்து உள்ளே இறங்கினேன். தங்கம் மேலே கப்பியண்டை நின்று மண் கூடையை இழுத்துக் கொட்டினாள். கடைசி உறைக்கும் கீழே தோண்டிக்கொண்டே போனேன். அடியில் இருக்கிற மணலை எடுத்தால் மேலே இருக்கிற உறை என்ன செய்யும் என்று யோசிக்கவே இல்லை. நான் யோசிக்காவிட்டாலும் உறை யோசித்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இரண்டு உறைகளுக்கு நடுவே வாய் திறந்தது. அந்த வாய் வழியாக மணல் சரசரவென்று கொட்ட ஆரம்பித்தது.

கத்த நேரம் இல்லை. முதலில் முழங்கால், பிறகு இடுப்பு, பிறகு நெஞ்சு. கை மட்டும் வெளியே இருந்தது. நெஞ்சை யாரோ இரண்டு பக்கமும் சேர்த்து நெருக்குவது போல இருந்தது. மேலே வட்டமாக வானம். அதில் தங்கத்தின் முகம் ஒரு நொடி தெரிந்தது. பிறகு காணோம்.

மணல் கொஞ்சம் நின்றது. ஆனால் அடியிலிருந்து தண்ணீர் ஏற ஆரம்பித்தது. நான் நாள்கணக்கில் உபவாசமிருந்து கேட்ட தண்ணீர் வந்துகொண்டிருந்தது. தோளைத் தொட்டது. கழுத்தைத் தொட்டது.

அப்போது ஜெபித்தேன். நீளமாக ஜெபிக்க மூச்சு இல்லை. பொருளும் அளவும் சொல்ல நேரமில்லை. "ஆண்டவரே" என்றேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. ஆழம் வேண்டும் என்று கேட்கவில்லை. தண்ணீர் வேண்டும் என்று கேட்கவில்லை. என்னைக் காப்பாற்றும் என்றுகூடச் சொல்ல முடியவில்லை. என் வாழ்க்கையில் நான் முழுசாக ஜெபித்த முதல் ஜெபம் அந்த ஒற்றை வார்த்தைதான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

தங்கம் எங்கே போனாள் தெரியுமா? போகாதே என்று நான் சொல்லிவைத்த அந்தக் குப்பத்துக்கு. அன்றைக்கு அங்கே அவர்களுடைய அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நாள். பானையில் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. ஊரே கூடியிருந்தது. வேறொரு நாளாக இருந்திருந்தால் ஆண்கள் கடலிலோ மார்க்கெட்டிலோ இருந்திருப்பார்கள். கூழை விட்டுவிட்டு எல்லோரும் ஓடிவந்தார்கள்.

கட்டுமரத்தின் மரங்களைக் கிணற்று வாய்க்குக் குறுக்கே போட்டார்கள். எல்லப்பன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினான். என் கைகளுக்கு அடியில் ஒரு கயிற்றைக் கொடுத்து, நான் மேலும் அமிழாதபடி மேலே நின்றவர்களைப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, பேசாத. மூச்ச மட்டும் வுடு. பேசாம இருக்கறது உனுக்குக் கஸ்டம், தெரியும். இன்னிக்கி ஒரு நாளு பல்ல கடிச்சிக்க."

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க இடம்தான் இல்லை.

மேலே நின்றவர்கள் வாளி விட்டு, என் கழுத்துக்கு ஏறிய தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தார்கள். அவன் ஒரு கூடை மணலை அள்ளினால் அந்த வாய் வழியாக இரண்டு கூடை மணல் உள்ளே வந்தது. பழைய வலையைப் போடு என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தான். அதைச் சுருட்டி, உறைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியில் திணித்தான். திணித்த இடத்தில் தண்ணீர் மட்டும் கசிந்தது, மணல் நின்றது. ஆனால் பழைய வலை பாதி வாய்க்குத்தான் போதுமானதாக இருந்தது. அப்போது அவன் வீட்டில் இருந்து புது வலையைக் கொண்டுவரச் சொன்னான். நூல் வாங்கி, மாதக்கணக்காக முடிந்து, காயவைத்து, அடுத்த வாரம் கடலுக்குக் கொண்டுபோக வைத்திருந்த வலை. பிறகு கன்னியம்மாவே அதைக் கொண்டுவந்து போட்டாள். அவன் அதைக் கசக்கிச் சுருட்டி என் உயிருக்கு அடைப்பாக வைத்தான்.

பொழுது சாயும் நேரத்தில் என் இடுப்பு விடுபட்டது. மேலே ஆண்களும் பெண்களுமாக வரிசையில் நின்று, கரைவலை இழுக்கிற மாதிரி ஒரே தாளத்தில் இழுத்தார்கள். அன்றைக்கு அவர்கள் இழுப்பில் அகப்பட்ட ஒரே மீன் நான்தான். அதுவும் எந்த மார்க்கெட்டிலும் விலைபோகாத மீன். என்னைத் தரையில் போட்டதும் கன்னியம்மா ஒரு செம்புத் தண்ணீரை வாயில் ஊற்றினாள். அவர்கள் ஊற்றுக்குழித் தண்ணீர். நான் வேண்டாம் என்று சொன்ன தண்ணீர். அதைப்போல இனிப்பான ஒன்றை நான் அதுவரை குடித்ததில்லை. அவர்கள் ஆத்தாதான் காப்பாற்றினாள் என்று அவள் சொன்னாள். அவளோடு நான் தர்க்கம் செய்யவில்லை. யாரைக் கூப்பிட்டேன் என்பது எனக்குத் தெரியும். அவர் யார் காலில் ஓடிவந்தார் என்பதையும் கண்ணால் பார்த்தேன்.

விலா எலும்பிலும் இடுப்பிலும் அடி. படுக்கையோடு கிடந்தேன். கடையைத் தங்கத்தின் தம்பி பார்த்துக்கொண்டான். கிணறு பாதிக்கு மேல் மணலால் தூர்ந்துபோயிற்று. இவ்வளவு நாள் வெட்டியது எல்லாம் வீண். ஆடி முடிந்தது. தங்கம் ஊருக்குப் போகவில்லை. எழுந்து நடக்க முடியாத புருஷனை விட்டுவிட்டு எப்படிப் போவாள்? குடத்தை எடுத்துக்கொண்டு கன்னியம்மாவோடு ஊற்றுக்குழிக்குப் போய்வந்தாள். நான் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். உயிரைக் கொடுத்தீர், வீட்டை எடுத்துக்கொண்டீரா ஆண்டவரே என்று அழுதேன். தை பிறந்ததும் கிடைத்த விலைக்கு மனையைத் தள்ளிவிடுவது என்று பேசிக்கொண்டோம். ஐப்பசியில் மழை வந்தது. நன்றாகப் பெய்தது.

கார்த்திகையில் ஒருநாள் காலை. தங்கம் என் சட்டையைத் துவைக்க உட்கார்ந்தாள். துவைக்கத்தானே, எதுவானால் என்ன என்று தூர்ந்த கிணற்றில் இருந்தே ஒரு வாளி இறைத்தாள். நான் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சோப்பைத் தேய்த்தாள். கை நின்றது. மறுபடி தேய்த்தாள். அவள் முழங்கை வரைக்கும் வெள்ளை வெளேரென்று நுரை.

கையைக் கழுவிக்கொண்டு இன்னொரு வாளி இறைத்தாள். ஒரு வாய் குடித்தாள். பிறகு செம்பில் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். குடித்தேன். நல்ல தண்ணீர். முதல் நாள் கையில் அள்ளிக் குடித்தேனே, குழி என்று கேவலமாகப் பார்த்தேனே, அதே தண்ணீர்.

இரண்டு பேரும் செம்பை நடுவில் வைத்துக்கொண்டு அழுதோம். யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று பயந்து பிள்ளைகளும் அழுதார்கள்.

எங்கள் சபையில் தொழிற்சாலை எஞ்சினியர் ஒருவர் இருக்கிறார். அவர் இதற்கு விளக்கம் சொன்னார். கடலோர மணலில் மழைத்தண்ணீர் மேலாக மிதக்குமாம், அடியில் கடல் தண்ணீர் இருக்குமாம், மேலே மொண்டால் இனிக்குமாம், ஆழமாகக் குத்தினால் கரிக்குமாம். மணல் சரிந்து அடியை மூடியதால் மேல் தண்ணீர் திரும்பத் தங்கியதாம். விளக்கம் சரிதான். நான் மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு மணல் சரியவேண்டும், எந்த மட்டத்தில் நிற்கவேண்டும், என் மூக்குக்கு எவ்வளவு கீழே நிற்கவேண்டும் என்று அளந்து கொட்டியவர் யார்? நான் ஆழத்தில் திறந்து தாரும் என்று கேட்டேன். அவர் ஆழத்தை மூடித் தந்தார். நான் கேட்டதற்கு நேர் எதிராகச் செய்து, எனக்கு வேண்டியதைக் கொடுத்தார்.

மழைத்தண்ணீர்தானே, கோடையில் பார்க்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அடுத்த சித்திரையும் வந்தது. முழங்கால் தண்ணீர்தான், ஆனால் இறைக்க இறைக்க ஊறியது. இத்தனை வருஷமும் ஊறுகிறது. எல்லப்பனின் வலை இன்னும் அந்தக் கிணற்றுச் சுவரில்தான் இருக்கிறது. அவனுக்கு நான் வேறு வலைக்கு நூல் வாங்கிக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொள்ள வைப்பதற்கு என் வியாபாரப் பேச்சு முழுவதும் தேவைப்பட்டது. தண்ணீருக்காகத் தள்ளிவைத்திருந்த எங்கள் வீட்டுப் பிரதிஷ்டை ஜெப விருந்தில் கன்னியம்மா வீட்டார் முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள். குப்பத்து ஊற்றுக்குழி வற்றுகிற நாளில் அந்தப் பெண்கள் எங்கள் கிணற்றில் மொள்ளுகிறார்கள். எங்கள் தெருவில் இப்போது நிறைய வீடுகள். வடக்கே இருந்தும் தெற்கே இருந்தும் புதுசு புதுசாக ஆட்கள் வருகிறார்கள். கிணறு வெட்டும்போது என்னிடம் வந்து எவ்வளவு ஆழம் என்று கேட்கிறார்கள். முதல் தண்ணீரில் நிறுத்துங்கள் என்கிறேன். மாமனாரும் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தார். இரண்டு செம்பு குடித்தார்.

பிரியமானவர்களே, நீங்கள் வீட்டுக்காகக் கேட்டுக்கொண்டிருக்கலாம், பிள்ளைக்காகக் கேட்டுக்கொண்டிருக்கலாம். கேளுங்கள். ஆனால் எங்கே, எப்படி, எத்தனை ஆழத்தில் என்பதை அவரிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் தோண்டியது கண் முன்னால் இடிந்து விழுகிற நாளிலும் அவரை நம்புங்கள். அவர் மணலைக்கொண்டும் பதில் சொல்வார். உங்களை வெளியே இழுக்க அவர் யாரை வேண்டுமானாலும் அனுப்புவார்; வருகிற கையைத் தட்டிவிடாதீர்கள். என்னைத் தூக்கி எடுத்த ஆண்டவருக்கே எல்லாப் புகழும்.

இந்தச் சாட்சியைப் போன மாதம் எங்கள் வீட்டு ஜெபக் கூட்டத்தில் சொன்னேன். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வாசலில் மீன் கூடையோடு நின்று கன்னியம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். கூட்டம் கலைந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டேன். அவள் கூடையைத் தலைக்குத் தூக்கிக்கொண்டே சொன்னாள்:

"உன் சாமி நல்ல சாமிதான் அண்ணாச்சி. வாயால சொல்லிப் பாத்துகீது. நீ கேக்குற ஆளா? அதான் தலைல மண்ணக் கொட்டி சொல்லிகீது."